இணையத் தரவுத்தளப் பதிவொன்றின் திருத்த வரலாற்றைப் பார்வையிடல்

க.பொ.த. (சாதாரண தரம்) தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல்
தொடர்புடைய அலகுகள்: தரவுத்தள முகாமைத்துவ முறைமைகள், இணையமும் அதன் சேவைகளும்

1. அறிமுகம்

அட்டவணை, புலம், பதிவு, முதன்மைச் சாவி என்ற சொற்களை நீங்கள் மனனம் செய்திருப்பீர்கள். ஆனால் ஒரு பதிவு காலப்போக்கில் மாறும்போது அதன் பழைய பெறுமானத்துக்கு என்ன நடக்கிறது? அதனை நாம் திரும்பப் பார்க்க முடியுமா? இவ்வினாவுக்கு விடை தெரிந்தவர் தரவுத்தளம் என்ற அலகையும் இணையம் என்ற அலகையும் ஒரே நேரத்தில் விளங்கிக்கொள்வார்.

விடயத்துக்குள் போகுமுன் எனது வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இறக்காமத்தில் நான் நடத்தும் மாலை வகுப்பில் மாணவர்களுக்கு ஒரு சிறு செயற்றிட்டம் கொடுத்திருந்தேன். எமது மாவட்டத்துக் குளம் ஒன்றைப் பற்றி இணையத்தில் தேடி ஒரு பக்கத்தில் எழுதி வர வேண்டும். இருவர் ஒரே இணையக் கலைக்களஞ்சியத்தின் ஒரே பக்கத்தைப் பார்த்து எழுதியிருந்தார்கள். குளத்தின் பரப்பைக் குறிக்கும் எண்ணில் முதல் இலக்கம் மாணவனின் கொப்பியில் 3, மாணவியின் கொப்பியில் 8. நான் அப்பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அங்கே 3 என்றுதான் இருந்தது. மாணவி கவனமின்றி எழுதிவிட்டார் என்று முடிவு செய்து இரண்டு புள்ளிகளைக் குறைத்தேன்.

“நான் பார்க்கக்குள்ள எட்டுத்தான் இருந்த, சேர்” என்றார் அவர். 3 உம் 8 உம் பார்வைக்கு ஒத்த இலக்கங்கள்தானே என்று நானும் விட்டுவிட்டேன். அன்றிரவு மனம் கேட்கவில்லை. அப்பக்கத்தின் திருத்த வரலாற்றைத் திறந்தேன். மாணவி பார்த்த நாளில் அங்கே 8 என்றுதான் இருந்தது! யாரோ ஒருவர் மாற்றியிருந்தார். சில நாள்களின் பின் இன்னொருவர் அதைத் திருத்தியிருந்தார். அந்த இடைவெளியில்தான் அவர் அப்பக்கத்தைப் படித்திருக்கிறார். கண்டதைக் கண்டவாறு எழுதியவருக்கு நான் புள்ளி குறைத்திருந்தேன்.

இந்தத் தவறு எனக்கு எப்படி நேர்ந்தது? இணையத்தில் உள்ள பதிவை அச்சிட்ட புத்தகத்தின் பக்கம் போல எண்ணியதால் நேர்ந்தது. அச்சிட்ட பக்கம் நாளைக்கும் அப்படியே இருக்கும். இணையத் தரவுத்தளத்தின் பதிவு அப்படியன்று.

2. திருத்த வரலாறு என்றால் என்ன?

வரைவிலக்கணம்: ஒரு பதிவு உருவாக்கப்பட்ட நேரத்திலிருந்து அதில் செய்யப்பட்ட ஒவ்வொரு மாற்றத்தையும், மாற்றிய நேரம், மாற்றியவர், மாற்றப்பட்ட உள்ளடக்கம் ஆகியவற்றுடன் வரிசைப்படி பேணிவைக்கும் தொகுதியே அப்பதிவின் திருத்த வரலாறு ஆகும்.

உங்கள் பாடசாலை வரவு இடாப்பை நினைத்துப் பாருங்கள். வகுப்பாசிரியர் ஒரு பெயருக்கு நேரே பிழையாக அடையாளமிட்டால் என்ன செய்வார்? அழிறப்பரால் அழிக்கமாட்டார், டிப்பெக்ஸ் பூசவும் மாட்டார். பிழையானதன் மீது ஒற்றைக் கோடிட்டு வெட்டி, சரியானதை அருகில் எழுதி, சுருக்கொப்பம் இடுவார். ஏன்? பின்னர் ஒருவர் பார்க்கும்போது முன்பு என்ன இருந்தது, பின்பு என்ன ஆனது, மாற்றியவர் யார் என்ற மூன்றும் தெரிய வேண்டும். திருத்த வரலாறும் இதே வேலையைத்தான் செய்கிறது.

நமது மொழியில் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. 19 ஆம் நூற்றாண்டில் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை, உ. வே. சாமிநாதையர் போன்றோர் ஏட்டுச் சுவடிகளைத் தேடி எடுத்துப் பழந்தமிழ் நூல்களை அச்சேற்றினர். 1887 இல் கலித்தொகையும் சீவக சிந்தாமணியும் அவ்வாறே அச்சில் வந்தன. ஒரே பாடலின் ஒரே அடி ஒரு சுவடியில் ஒரு விதமாகவும் இன்னொன்றில் வேறு விதமாகவும் இருப்பதுண்டு. இந்த வேறுபாட்டையே தமிழ் இலக்கியப் பாடத்தில் ‘பாடபேதம்’ என்கிறோம். ஆனால் ஏடு எழுதியவர் எதை, எப்போது, ஏன் மாற்றினார் என்று குறித்து வைக்கவில்லை. பதிப்பாசிரியர்கள் பல ஏடுகளை ஒப்புநோக்கி ஊகிக்க வேண்டியிருந்தது. இன்று கணினி அக்குறிப்பைத் தானாகவே எழுதி வைக்கிறது.

3. எங்கெங்கே காணலாம்?

(அ) தமிழ் விக்கிப்பீடியா: விக்கிப்பீடியா 2001 ஜனவரி 15 இல் ஆங்கிலத்தில் தொடங்கியது. தமிழ் விக்கிப்பீடியா 2003 இல் தொடங்கியது. அதன் ஆரம்பக் காலம் முதல் உழைத்தவர்களுள் இலங்கையைச் சேர்ந்த இ. மயூரநாதன் முக்கியமானவர். இன்று அங்கே ஒரு இலட்சத்து 60 ஆயிரத்துக்கும் அதிகமான கட்டுரைகள் உள்ளன. ஒவ்வொரு கட்டுரைக்கும் தனித்தனியே திருத்த வரலாறு உண்டு.

(ஆ) நூலகம்: இலங்கைத் தமிழ் பேசும் சமூகங்களின் நூல்களையும் சஞ்சிகைகளையும் எண்ணிமப்படுத்தி இணையத்தில் வைக்கும் திட்டம் இது. 2005 இல் தொடங்கியது. இங்கே ஒவ்வொரு நூலுக்கும் ஒரு பதிவு உள்ளது. நூலக எண், ஆசிரியர், நூல் வகை, மொழி, வெளியீட்டாளர், வெளியீட்டாண்டு, பக்கங்கள் என்பன அப்பதிவின் புலங்கள். புலம், பதிவு என்பவற்றுக்குப் பரீட்சையில் உதாரணம் கேட்டால் இதனைத் தயங்காமல் எழுதலாம்.

(இ) விக்கித்தரவு: 2012 ஒக்டோபரில் தொடங்கிய பொதுத் தரவுத்தளம். இங்கே கட்டுரைகள் இல்லை. பதிவுகள் மட்டுமே உள்ளன. ஒவ்வொரு பதிவுக்கும் தனித்துவமான ஓர் இலக்கம் உண்டு. உதாரணமாக, இலங்கையின் இலக்கம் கியூ 854; தமிழ் மொழியின் இலக்கம் கியூ 5885. இவை முதன்மைச் சாவிக்கு மிகச் சிறந்த உதாரணங்கள்.

(ஈ) ஓப்பின் ஸ்ட்ரீட் மெப்: 2004 இல் தொடங்கிய, எவரும் திருத்தக்கூடிய உலக வரைபடம். ஒரு வீதியை முதலில் வரையும்போது அது 1 ஆம் பதிப்பு. பெயரைத் திருத்தினால் 2 ஆம் பதிப்பு. இவ்வாறு இலக்கம் ஏறிக்கொண்டே போகும்.

முதல் இரண்டு தளங்களும் மீடியாவிக்கி என்ற ஒரே மென்பொருளில் இயங்குகின்றன. ஆகவே ஒன்றில் வரலாற்றைப் பார்க்கப் பழகியவர் மற்றதிலும் பார்க்கலாம். கூகிள் ஆவணங்களிலும் ‘பதிப்பு வரலாறு’ என்ற வசதி உண்டு. குழுவாகச் செயற்றிட்டம் செய்வோருக்கு அது பயன்படும்.

4. தரவுத்தளத்தினுள் நடப்பது என்ன?

இப்பகுதி பரீட்சைக்கு மிக முக்கியமானது. ஒரு பக்கத்தைத் திருத்திச் ‘சேமி’ என்று சொடுக்கும்போது பழைய உள்ளடக்கத்தின் மேல் புதியது எழுதப்படுகிறது என்றே பலர் நினைக்கின்றனர். அது பிழை. பழையது அப்படியே இருக்க, புதிதாக ஒரு திருத்தப் பதிவு சேர்க்கப்படுகிறது. இதற்குக் குறைந்தது இரண்டு அட்டவணைகள் தேவை. கீழே உள்ளவை பயிற்சிக்காக நான் அமைத்த மாதிரிகள். உண்மையான பக்கங்களின் தரவுகள் அல்ல.

அட்டவணை 1: பக்கம்

பக்க_இல | தலைப்பு | இறுதித்_திருத்த_இல
21 | மாதிரிக்குளம் | 150
22 | மாதிரிச்சந்தை | 130

அட்டவணை 2: திருத்தம்

திருத்த_இல | பக்க_இல | திகதி, நேரம் | பயனர் | சுருக்கம் | பருமன் (பைற்று)
101 | 21 | 2024-03-04, 05:10 | பயனர் அ | புதிய பக்கம் | 1,800
115 | 21 | 2024-03-09, 14:25 | பயனர் ஆ | படம் சேர்த்தேன் | 1,950
130 | 22 | 2024-04-11, 09:00 | பயனர் ஆ | புதிய பக்கம் | 900
142 | 21 | 2024-05-20, 18:40 | பதிவு செய்யாதவர் | (வெறுமை) | 1,950
150 | 21 | 2024-05-23, 03:15 | பயனர் அ | 142 ஐ நீக்கி 115 க்கு மீட்டேன் | 1,950

இவற்றைக் கவனமாக நோக்குங்கள்.

• ‘பக்கம்’ அட்டவணையின் முதன்மைச் சாவி பக்க_இல. ‘திருத்தம்’ அட்டவணையின் முதன்மைச் சாவி திருத்த_இல.
• ‘திருத்தம்’ அட்டவணையில் பக்க_இல மீண்டும் மீண்டும் வருகிறது. எனவே அது அங்கே முதன்மைச் சாவியாக இருக்க முடியாது. அது அந்நியச் சாவி ஆகும்.
• ஒரு பக்கத்துக்குப் பல திருத்தங்கள் இருக்கலாம். ஒரு திருத்தம் ஒரு பக்கத்துக்கே உரியது. எனவே இது ஒன்று – பல தொடர்புடைமை.
• வாசகர் பக்கத்தைத் திறக்கும்போது இறுதித்_திருத்த_இல எதைச் சுட்டுகிறதோ அந்தத் திருத்தமே திரையில் தோன்றும். மற்றவை வரலாற்றில் இருக்கும்.
• 142 பிழையானது என்று 150 இல் நீக்கப்பட்டது. ஆனால் 142 ஆம் பதிவு அட்டவணையிலிருந்து மறையவில்லை. மீட்டல் என்பதும் ஒரு புதிய திருத்தமே.

கடைசிக் கருத்தைச் சிவப்பு மையால் கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான மாணவர்கள் பிழைவிடும் இடம் அது.

எல்லாத் தளங்களும் எப்போதும் வரலாற்றை நிலையாகப் பேணியதாக எண்ண வேண்டாம். விக்கிப்பீடியாவே தன் முதலாவது ஆண்டில் பயன்படுத்திய மென்பொருள் பழைய திருத்தங்களை நிரந்தரமாக வைத்திருக்கவில்லை. அதனால் ஆரம்ப மாதங்களின் வரலாறு இழக்கப்பட்டதாகவே கருதப்பட்டது. 2010 இன் இறுதியில் பழைய காப்புப் பிரதிகள் கண்டெடுக்கப்பட்ட பின்னரே அவற்றுள் பெரும்பகுதியை மீண்டும் காண முடிந்தது. காப்புப் பிரதி எடுத்தலின் அவசியத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை.

5. வரலாற்றைப் பார்வையிடும் படிமுறை

படி 1: உரிய பக்கத்தைத் திறந்து, மேற்பகுதியில் ‘வரலாறு’ என்ற சொல் கொண்ட தாவலைச் சொடுக்குக. கையடக்கத் தொலைபேசியில் இது பட்டியலுக்குள் அல்லது பக்கத்தின் அடியில் இருக்கலாம்.

படி 2: தோன்றும் பட்டியலில் மிகப் புதிய திருத்தம் மேலேயும் பழையவை கீழேயும் இருக்கும். மிகப் பழையதைக் காணப் பட்டியலின் இறுதிக்குச் செல்க.

படி 3: திகதியின் மீது சொடுக்கினால் அந்நேரத்தில் பக்கம் எவ்வாறு இருந்ததோ அவ்வாறே திறக்கும்.

படி 4: இரண்டு திருத்தங்களைத் தெரிவுசெய்து ஒப்பிடுக. இடப்பக்கத்தில் பழையதும் வலப்பக்கத்தில் புதியதும் தோன்றும். மாறிய சொற்கள் நிறமிட்டுக் காட்டப்படும்.

படி 5: சுருக்கம், பயனர் பெயர் ஆகியவற்றை வாசிக்குக. ஏன் மாற்றினார் என்று சொல்லியிருக்கிறாரா எனப் பார்க்குக.

6. வரலாற்றுப் பட்டியலை வாசிக்கும் முறை

(அ) நேரம்

மீடியாவிக்கி தரவுத்தளம் நேரத்தை ஒருங்கிணைந்த சர்வதேச நேரத்தில் சேமிக்கிறது. இலங்கை நேரம் அதிலும் 5 மணி 30 நிமிடம் முந்தியது. எனவே பட்டியலில் சர்வதேச நேரம் காட்டப்பட்டால் 5:30 ஐக் கூட்ட வேண்டும்.

மாதிரியில் 142 ஆம் திருத்தத்தின் நேரம் மே 20, 18:40. இதனோடு 5:30 ஐக் கூட்டினால் 24:10 வரும். அதாவது இலங்கையில் அப்போது மே 21, நள்ளிரவு கடந்து 10 நிமிடம். நேரம் மட்டுமன்றித் திகதியும் மாறிவிட்டதைக் கவனியுங்கள். ‘மே 20 இல் பார்த்தேன்’ என்று ஒருவர் சொல்வதைச் சரிபார்க்கும்போது இந்தக் கணிப்பைச் செய்யாவிட்டால், உண்மை சொன்னவரைப் பொய்யராக்கிவிடுவோம். (2006 ஏப்ரலுக்கு முன் சில ஆண்டுகள் இலங்கை நேரம் 6 மணித்தியாலம் முந்தியதாக இருந்தது. மிகப் பழைய திருத்தங்களைப் பார்ப்போர் இதனையும் நினைவிற் கொள்க.)

(ஆ) பருமன்

ஒவ்வொரு திருத்தத்தின் அருகிலும் பக்கத்தின் பருமன் எத்தனை பைற்றுகளால் கூடியது அல்லது குறைந்தது என்று காட்டப்படும். மாதிரியில் 101 க்கும் 115 க்கும் இடையே வித்தியாசம் +150. இதன் பொருள் 150 எழுத்துகள் சேர்ந்தன என்பதன்று. யுனிக்கோட் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் வழமையான சேமிப்பு முறையில் 3 பைற்றுகளைப் பிடிக்கும். ‘குளம்’ என்ற சொல்லைப் பாருங்கள். க, உகரக் குறி, ள, ம, புள்ளி என அதில் 5 குறியீடுகள். 5 × 3 = 15 பைற்றுகள். நமது கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்குப் பதினைந்து பைற்று.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். 1, 2, 3 போன்ற இலக்கங்கள் ஒவ்வொன்றும் 1 பைற்று மட்டுமே பிடிக்கும். அப்படியானால் 3 ஐ அழித்து 8 என்று எழுதினால் வித்தியாசம் எவ்வளவு? பூச்சியம்! ஒரு பந்தியையே அழித்தவர் பட்டியலில் பெரிய எதிர் எண்ணுடன் உடனே தெரிவார். ஓர் இலக்கத்தை மாற்றியவர் 0 உடன் அமைதியாக நிற்பார். ஆனால் குளத்தின் பரப்பு, பிறந்த ஆண்டு, தொலைபேசி இலக்கம், பரீட்சைப் புள்ளி ஆகியவற்றில் ஓர் இலக்கம் மாறுவது ஒரு பந்தி மாறுவதைவிடப் பாரதூரமானது. எனது மாணவி பார்த்த பக்கத்திலும் அந்தத் திருத்தத்தின் அருகில் 0 என்றே இருந்தது. சுருக்கம் வெறுமையாக இருந்தது.

நினைவிற் கொள்க: பருமன் வித்தியாசம் 0 என்றால் ‘மாற்றம் இல்லை’ என்பது பொருளன்று, ‘நீளம் மாறவில்லை’ என்பதே பொருள்.

(இ) பயனர்

கணக்கு வைத்திருப்பவர் திருத்தினால் அவரது பயனர் பெயர் பதியப்படும். கணக்கின்றித் திருத்தினால் நீண்ட காலமாக அவரது கணினியின் ஐ.பி. முகவரி பதியப்பட்டு வந்தது. 2024 இன் இறுதியிலிருந்து விக்கிப்பீடியாக்களில் படிப்படியாக, அம்முகவரிக்குப் பதிலாகத் தற்காலிகக் கணக்குப் பெயர் காட்டப்படுகிறது. தனியுரிமையைப் பாதுகாப்பதே இதன் நோக்கம். பயனர் பெயர் என்பது புனைபெயராகவும் இருக்கலாம். எனவே ‘யார்’ என்ற வினாவுக்கு வரலாறு தரும் விடை பெரும்பாலும் ‘எந்தக் கணக்கு’ என்பதே. ‘எந்த ஆள்’ என்பதன்று.

7. ஓர் உண்மைச் சம்பவம்

2005 மே 26 அன்று அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜோன் சீகென்தாலர் பற்றிய ஆங்கில விக்கிப்பீடியாக் கட்டுரையில், கணக்கில்லாத ஒருவர் பொய்யான செய்தியைச் சேர்த்தார். ஜனாதிபதி கென்னடி, அவரது சகோதரர் ரொபட் கென்னடி ஆகியோரின் கொலைகளில் சீகென்தாலருக்குத் தொடர்பிருக்கலாம் எனச் சந்தேகிக்கப்பட்டதாக அதில் எழுதப்பட்டிருந்தது. உண்மையில் சீகென்தாலர் ரொபட் கென்னடியின் உதவியாளராகப் பணியாற்றியவர். அவரது இறுதிக் கிரியையில் பெட்டி சுமந்தவர்களுள் ஒருவர். இந்தப் பொய் செப்டெம்பர் வரை, ஏறத்தாழ நான்கு மாதங்கள், எவராலும் கவனிக்கப்படாமல் இருந்தது. நவம்பர் 29 அன்று அவர் யூஎஸ்ஏ டுடே பத்திரிகையில் இதுபற்றி எழுதினார்.

எழுதியவர் கண்டுபிடிக்கப்பட்டது எவ்வாறு? வரலாற்றில் பதிந்திருந்த ஐ.பி. முகவரியைக் கொண்டே ஒருவர் தேடிச் சென்றார். முகவரி ஒரு நிறுவனத்தில் போய் நின்றது. அங்கே வேலை செய்தவர் தாமே முன்வந்து, வேடிக்கைக்காகச் செய்ததாக ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். இச்சம்பவத்தின் பின் ஆங்கில விக்கிப்பீடியாவில் கணக்கில்லாதோர் புதிய கட்டுரை தொடங்குவது நிறுத்தப்பட்டது.

இதிலிருந்து மூன்று பாடங்களைக் கற்கலாம். முதலாவது, வரலாறு இருந்தபடியால்தான் பொய்யின் தொடக்கத்தைக் கண்டுபிடிக்க முடிந்தது. இரண்டாவது, வரலாறு இருந்தும் நான்கு மாதங்கள் அதை எவரும் திறந்து பார்க்கவில்லை. பூட்டு இருந்தும் பூட்டாத வீடு போல. மூன்றாவது, அவதூறான அந்தத் திருத்தங்கள் பின்னர் பொதுப் பார்வையிலிருந்து மறைக்கப்பட்டன. ஒருவரின் மானத்துக்குக் கேடான பொய்யையோ, தனிப்பட்டவரின் முகவரி, தொலைபேசி இலக்கத்தையோ வரலாற்றிலும் எல்லோரும் பார்க்க விடக்கூடாது. அத்தகைய திருத்தங்களை மறைக்கும் அதிகாரம் நிருவாகிகளுக்கு உண்டு.

8. வரலாறு சொல்வதும் சொல்லாததும்

வரலாறு சொல்பவை: பதிவு எந்நேரத்தில் எவ்வாறு இருந்தது, எது மாறியது, எந்தக் கணக்கு மாற்றியது, என்ன காரணம் எழுதப்பட்டது.

வரலாறு சொல்லாதது: எந்தப் பெறுமானம் உண்மை என்பது.

இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகின்றனர். இறுதித் திருத்தம் எப்போதும் சரியானது என்றில்லை. முதல் திருத்தம் எப்போதும் சரியானது என்றுமில்லை. ஒருவர் பலமுறை திருத்தினார் என்பதால் அவர் சொல்வது மெய்யாகிவிடாது. குளத்தின் பரப்பு 3 இல் தொடங்குகிறதா, 8 இல் தொடங்குகிறதா என்பதை அன்றிரவு அந்த வரலாறு எனக்குச் சொல்லவில்லை. அதற்கு நீர்ப்பாசனத் திணைக்களம் அல்லது பிரதேச செயலகம் வைத்திருக்கும் ஆவணத்தைத்தான் பார்க்க வேண்டும்.

அதேபோல, மாற்றம் என்றாலே விஷமம் என்றும் எண்ணக்கூடாது. 2012 ஆம் ஆண்டுக் குடித்தொகை மதிப்பீட்டின்படி இலங்கையின் குடித்தொகை 20,359,439. அடுத்த மதிப்பீடு 2024 இல் நடைபெற்றபோது அது 21.7 மில்லியனைத் தாண்டியது. எனவே 2012 க்குரிய எண்ணை நீக்கிப் புதிய எண்ணை இட்டவர் பிழை செய்யவில்லை. பதிவைக் காலத்துக்கு ஏற்றதாக்கினார். தரமான தகவலின் இயல்புகளாக நாம் படிக்கும் திருத்தம், முழுமை, காலத்துக்கேற்ற தன்மை என்பன இங்கே ஒருங்கே வருகின்றன.

ஒரு மாற்றம் நியாயமானதா என அறிய இந்த ஐந்து வினாக்களைக் கேளுங்கள்:

1. மாற்றத்துக்குக் காரணம் எழுதப்பட்டுள்ளதா?
2. புதிய பெறுமானத்துக்கு ஆதாரம் காட்டப்பட்டுள்ளதா?
3. அந்த ஆதாரத்தில் அப்பெறுமானம் உண்மையில் உள்ளதா?
4. ஒரே பெறுமானம் இருவருக்கிடையே மாறி மாறித் திருத்தப்படுகிறதா?
5. அக்கணக்கின் ஏனைய திருத்தங்கள் எத்தகையவை?

மூன்றாம் வினாவே மிகக் கடினமானது. அதுவே மிக முக்கியமானதும் கூட. ஆதாரம் குறிப்பிடப்பட்டிருப்பது வேறு. அதில் அந்த விடயம் இருப்பது வேறு.

9. செயற்றிட்டம் எழுதுவோருக்கு

இணையப் பதிவொன்றிலிருந்து தரவு எடுக்கும்போது பக்கத்தின் பெயரை மட்டும் எழுதுவது போதாது. நீங்கள் பார்த்த திகதியையும் நேரத்தையும் எழுதுங்கள். விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் மாறாத ‘நிலையான இணைப்பு’ உண்டு. அதனைப் பிரதிசெய்து கொடுத்தால், பக்கம் நாளைக்கு மாறினாலும் ஆசிரியர் நீங்கள் கண்டதையே காண்பார். அந்த மாணவி இதனைச் செய்திருந்தால் நான் பிழைவிட்டிருக்க மாட்டேன். நான் இதனை முன்பே கற்பித்திருந்தால் அவர் செய்திருப்பார். ஆகவே அந்தப் பிழை என்னுடையதே.

அடுத்த வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் அவரிடம் அதைச் சொன்னேன். புள்ளிப் புத்தகத்தில் பழைய புள்ளியை ஒற்றைக் கோட்டால் வெட்டி, குறைத்த இரண்டையும் சேர்த்து அருகில் எழுதி, சுருக்கொப்பம் இட்டேன். வெட்டிய எண் இன்றும் வாசிக்கக்கூடியதாகவே உள்ளது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

10. மாதிரி வினாக்கள்

பகுதி 4 இல் உள்ள அட்டவணைகளைப் பயன்படுத்தி விடையளிக்க. பகுதி 11 ஐப் பார்க்குமுன் நீங்களாகவே முயன்று பாருங்கள்.

1. ‘திருத்தம்’ அட்டவணையின் முதன்மைச் சாவியையும் அந்நியச் சாவியையும் பெயரிடுக.

2. ‘பயனர்’ புலத்தை முதன்மைச் சாவியாகக் கொள்ள முடியாமைக்குக் காரணம் தருக.

3. பக்கம் 21 க்கு எத்தனை திருத்தங்கள் உள்ளன? இப்போது திரையில் தோன்றும் திருத்தம் எது?

4. 142 ஆம் திருத்தத்தில் இடம்பெற்ற பிழை எவ்வளவு நேரம் வாசகருக்குத் தெரிந்துகொண்டிருந்தது?

5. மாணவர் ஒருவர் இலங்கை நேரப்படி 2024 மே 22, பி.ப. 4.00 மணிக்கு மாதிரிக்குளம் பக்கத்தைப் பார்த்தார். அவர் கண்டது எந்தத் திருத்தத்தை?

6. 115 க்கும் 142 க்கும் பருமன் சமமாக உள்ளது. எனவே உள்ளடக்கமும் சமம் என ஒருவர் கூறுகிறார். இக்கூற்றை மதிப்பிடுக.

7. 151 ஆம் திருத்தமாகப் பயனர் ஆ, பக்கம் 22 இல் ஒரு மாற்றம் செய்கிறார். இதனால் இரு அட்டவணைகளிலும் ஏற்படும் மாற்றங்களைக் கூறுக.

11. விடைகள்

1. முதன்மைச் சாவி: திருத்த_இல. அந்நியச் சாவி: பக்க_இல.

2. ஒரே பயனர் பல திருத்தங்களைச் செய்யலாம். பெறுமானம் மீள வருவதால் பதிவைத் தனித்துவமாக அடையாளம் காட்டாது.

3. நான்கு (101, 115, 142, 150). தோன்றுவது 150.

4. மே 20, 18:40 முதல் மே 23, 03:15 வரை. அதாவது 2 நாள் 8 மணி 35 நிமிடம்.

5. மே 22, 16:00 இலிருந்து 5:30 ஐக் கழித்தால் சர்வதேச நேரம் 10:30. இது 142 க்குப் பின்னரும் 150 க்கு முன்னரும் வருகிறது. எனவே அவர் கண்டது 142.

6. கூற்று பிழை. சம நீளமுள்ள பெறுமானத்தால் மாற்றீடு செய்யும்போது பருமன் மாறாது. உதாரணம்: 3 ஐ 8 ஆக மாற்றுதல்.

7. ‘திருத்தம்’ அட்டவணையில் 151 என்ற புதிய பதிவு சேரும். ‘பக்கம்’ அட்டவணையில் பக்கம் 22 இன் இறுதித்_திருத்த_இல 130 இலிருந்து 151 ஆக மாறும். 130 ஆம் திருத்தம் அழிக்கப்படமாட்டாது.

மாணவர்களுக்கு ஒரு குறிப்பு: 5 ஆம் வினாவில் விடையை மட்டும் எழுதாமல் நேரக் கணிப்பையும் காட்டுங்கள். இறுதி விடை பிழைத்தாலும் படிமுறைக்குப் புள்ளி கிடைக்க வாய்ப்புண்டு. இன்றே தமிழ் விக்கிப்பீடியாவில் உங்கள் ஊரைப் பற்றிய பக்கத்தைத் திறந்து, அதன் வரலாற்றில் மிகப் பழைய திருத்தத்தையும் இன்றைய திருத்தத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மாறிய ஓர் எண்ணைத் தெரிவுசெய்து, மேலே உள்ள ஐந்து வினாக்களையும் அதனிடம் கேளுங்கள். பரீட்சையில் சித்தியடைய எனது வாழ்த்துகள்.